பம்பையும் பாட்டும்: ஆரணி வட்டாரத்து இருவர் கலை ஒலிநாடாவுக்கு வந்த வரலாறு

ஆரணி நகரையும் அதையொட்டிய முள்ளிப்பட்டு முதலான பட்டு நெசவு ஊர்களையும் உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில், அம்மன் விழாவிலும் குலதெய்வப் படையலிலும் தெருக்கூத்துக் களரியிலும் பாடப்பட்டுவரும் பாட்டு எக்காலத்தும் தனியொருவரின் படைப்பாக இருந்ததில்லை. கதையைச் சொல்லெடுத்துக் கட்டிப் பாடுபவர் ஒருவர், அந்தப் பாட்டைத் தாளத்தால் தாங்கியும் முடுக்கியும் நடத்துபவர் மற்றொருவர் என்ற இருவர் கூட்டே இக்கலையின் அடிப்படை அலகாகும். இந்தக் கூட்டுப் படைப்பு முதலில் அச்சுக்கும், பின்னர் இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும், அண்மையில் இணையத்துக்கும் சென்றபோது பாடியவரின் பெயர் கூடவே பயணம் செய்தது. அடித்தவரின் பெயரோ பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்டது. இது தற்செயலாக நேர்ந்த மறதி என்று கொள்வதற்கில்லை. பதிவு செய்த முறை, சாதி அமைப்பு, பதிப்புரிமைச் சட்டம் ஆகியவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் ஒரே விளைவை உண்டாக்கின என்பதற்கு ஆரணி வட்டாரத்துப் பம்பை உடுக்கைப் பாட்டின் வரலாறு தக்க சான்றாகும்.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயரின் தலைநகராக விளங்கிய படைவீட்டின் சுற்றுவட்டத்தில் உள்ளது. மராட்டிய வழிவந்த ஜாகீர்தாரர்களின் இருப்பிடமாகவும், 1751இலும் 1782இலும் ஆங்கிலேயப் படைகள் பொருத களமாகவும் வரலாற்று நூல்களில் இடம்பெறும் இவ்வூர், மக்களிடையே பட்டுச் சேலைக்கும் அரிசிக்குமே பெயர்பெற்றது. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. செங்குந்தர், சௌராட்டிரர், பத்மசாலியர் முதலான நெசவுச் சமூகங்களும் வேளாண் குடிகளும் கலந்து வாழும் இவ்வட்டாரத்தில், நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதியை இயக்கும் குழித்தறியே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறித் தறி அடிக்கடி நின்றுவிடும் என்பதால் கூலி தடையின்றிக் கைக்கு வந்தது வெயில் மாதங்களில்தான். பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீளும் திரௌபதியம்மன், மாரியம்மன், ரேணுகாம்பாள் விழாக்களுக்கான தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடி விதிக்கும் பங்குத்தொகை, அந்த வருவாயிலிருந்தே திரண்டது. அமாவாசையன்று தறியில் அமராத வழக்கமும் நெசவாளரிடம் பரவலாக உண்டு. செஞ்சிப் பக்கத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவுதோறும் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்தில் பம்பையும் உடுக்கையும் ஒலிக்க அம்மனுக்குத் தாலாட்டுப் பாடப்படுவதைக் கேட்கத் திரளும் கூட்டத்தில் நெசவுத் தெருக்களின் மக்களும் இருப்பதற்கு இந்த ஓய்வுநாள் இடமளித்தது.

பாடுவோரும் முழக்குவோரும் சேர்ந்து ஊர் ஊராகச் செல்லும் மரபு இந்நிலத்தில் மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், இன்றைய செங்கத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டும் நூலாகும். கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உடைய அந்நூலின் ஆசிரியர் பெருங்கௌசிகனார், 583 அடிகள் கொண்ட பாட்டைத் தொடங்கும்போதே கூத்தர் சுமந்துசெல்லும் கருவிகளை முழவு முதலாக வரிசைப்படுத்துகிறார். பாட்டுக்காரரின் குரலைவிட அவருடைய குழுவின் தோற்கருவிகளே புலவரின் கண்ணில் முதலில் படுகின்றன. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று குடிகளைத் தனித்தனியே எண்ணுவதும் இங்குக் கருதத்தக்கது. இடை சுருங்கிய சிறு முழவான துடியை அடிப்பவனும் யாழிசைத்துப் பாடும் பாணனும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒருவரைக் கலைஞராகவும் மற்றவரைப் பக்கத்துணையாகவும் பிரிக்கும் நோக்கு அப்பாட்டில் இல்லை. அந்தத் துடிக்கும் இன்றைய உடுக்கைக்கும் இடையே உறவு காண்போர் உண்டு. கருவியின் வடிவத்தைப் பொறுத்தவரை அது ஏற்கத்தக்கதே. ஆனால் இருபது நூற்றாண்டு இடைவெளியைக் கடந்து ஒரே கலை அறுபடாமல் வந்தது என்று அதைக்கொண்டு நிறுவ முடியாது.

பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டு உருளை வடிவ முழவுகளின் இணையாகும். மரத்தாலான கீழ் முழவு வீருவனம் என்றும், பித்தளையாலான மேல் முழவு வெண்கலப் பம்பை என்றும் இசை நூல்களில் குறிக்கப்படுகின்றன. இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியாலும் கையாலும் முழக்கும் கலைஞர், நான்கு தோல் முகங்களிலிருந்து உறுமல், அதிர்வு, வெட்டு என்று வேறுபட்ட ஒலிகளை எழுப்புகிறார். உடுக்கை, இடை சுருங்கிய சிறு கருவி. அதன் நடுவே ஓடும் கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் தோலின் விறைப்பை மாற்றலாம் என்பதால், தாளக் கருவியாக இருந்தும் அது ஏறக்குறையப் பேசும் குரலைப் போன்ற ஏற்ற இறக்கங்களைத் தருகிறது. இவற்றுடன், உள்ளே பரல்கள் இடப்பட்ட பித்தளை வளையமான கைச்சிலம்பும் சேரும். அதைக் கையில் பிடித்துக் குலுக்கி ஆடும் கைச்சிலம்பாட்டம் வட ஆர்க்காட்டுப் பகுதிக்கே சிறப்பாக உரிய கலையாக அறியப்படுகிறது.

இக்குழு வேலை செய்யும் முறையைக் கூர்ந்து நோக்கினால்தான் பாட்டின் ஆசிரியர் யார் என்ற கேள்வி இங்கு எளிதில் விடை காணக்கூடியதன்று என்பது புலப்படும். முதலில் பம்பை தனித்து முழங்கி ஊரைக் கூட்டுகிறது. பிறகு பிள்ளையாரையும் குருவையும் அம்மனையும் வணங்கும் பாடல்கள் வருகின்றன. அதன்பின் தலைமைப் பாடகர் அம்மனின் தோற்றத்தையும் பிறப்பையும் அருளையும் விரித்துச் சொல்லும் வர்ணிப்பைத் தொடங்குகிறார். ஓரடியை அவர் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர் அதன் கடைச் சொல்லையோ முழு அடியையோ திரும்ப எடுக்கிறார். அந்தச் சில நொடிகளில்தான் அடுத்த அடி தலைமைப் பாடகரின் மனத்தில் உருவாகிறது. பின்பாட்டுக்காரரே பல குழுக்களில் பம்பையும் அடிப்பவர் என்பதால், பாடகருக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்க வேண்டும், எந்த இடத்தில் கதையை நிறுத்தித் தீர்மானம் வைக்க வேண்டும், அதாவது தாளத்தை முத்தாய்ப்பாகக் கட்டி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். சாமியாடுபவரின் உடலில் அசைவு தென்படத் தொடங்கியதும் அதை முதலில் காண்பவரும் பம்பைக்காரர்தாம். அவர் காலத்தை இரட்டிக்க, பாடகரின் நீண்ட அடிகள் குறுகி வெறும் விளிகளாகவும் அம்மனின் பெயர்களாகவும் நின்றுவிடுகின்றன. எழுதிவைத்த பாட்டை இசைக் கருவி பின்தொடரும் நிலை இது ஆகாது. பாட்டின் நீளமும் வேகமும் சொல்லடர்த்தியும் அடிப்பவரின் கையிலிருந்தே பிறக்கின்றன.

குடும்பத்தில் இறந்துபோன முன்னோரைத் திருமணம் நடத்துவதற்கு முன் பூவாடைக்காரி என்ற பெயரில் நீர்நிலைக்கு அருகில் அழைத்து, பூங்கரகத்தில் எழுந்தருளச் செய்து, வீட்டுக்குக் கொண்டுவரும் சடங்கும் ஆர்க்காட்டுப் பகுதிகளில் வழங்குகிறது. மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசஸ் செஞ்சிப் பகுதியில் கள ஆய்வு செய்து 2000இல் வெளியிட்ட நூலில் பம்பைக்காரர்கள் நடத்தும் இத்தகைய அழைப்புகள் விரிவாக இடம்பெறுகின்றன. இறந்தவர் யார், ஏன் மனக்குறையோடு சென்றார், எதைக் கேட்கிறார் என்பவற்றையெல்லாம் பாட்டும் முழக்கும் கலந்த உரையாடலாகப் பம்பைக்காரர்கள் வெளிக்கொணர்கின்றனர். குடும்பத்தின் கண்ணீருக்கும் கோபத்துக்கும் இடையே நின்று நடத்தப்படும் இந்தப் பணியை இசைக் கச்சேரி என்ற சட்டகத்துக்குள் அடக்குவது கடினம். பின்னாளில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது இதன் ஓர் ஓரம் மட்டுமே.

இவ்வட்டாரத்துப் பம்பைக்காரர்களின் தலையாய கதை ரேணுகையின் கதையாகும். சமதக்கினி முனிவரின் மனைவியான ரேணுகை கற்பில் ஐயுறப்பட்டு, மகன் பரசுராமனாலேயே தலை துண்டிக்கப்பட்டு, மீண்டும் உயிர்பெற்றபோது தலையும் உடலும் மாறிப்போய்த் தெய்வமானாள் என்பது கதையின் சுருக்கம். படைவீட்டு ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிகளில் பெருங்கூட்டம் கூடுகிறது. ஆரணியைத் தொட்டு ஓடும் ஆற்றின் பெயரில் உள்ள கமண்டலத்தையும் உள்ளூர் மரபு சமதக்கினியின் கதையோடு இணைத்துச் சொல்கிறது. ஆகவே ஆரணிப் பக்கத்துக் கேட்போருக்கு இது தொலைவிலிருந்து வந்த புராணமாக இராமல் தம் ஆற்றங்கரையில் நடந்த செய்தியாகவே பொருள்படுகிறது. உயர்குடிப் பெண்ணின் தலையும் ஒடுக்கப்பட்ட குடிப் பெண்ணின் உடலும் ஒன்றாகித் தெய்வமாகும் இக்கதையை, நிலமற்ற உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த கலைஞர்கள் எல்லாச் சாதியினர் முன்னிலையிலும் பாடினர் என்பது இக்கலையின் சமூக வரலாற்றில் சிறிய செய்தி அன்று.

தெருக்கூத்திலும் இதே அமைப்பு வேறு வடிவில் உண்டு. இரவில் வேடதாரிகள் வருவதற்கு முன், முகவீணை எனப்படும் சிறு குழல், மத்தளம் அல்லது மிருதங்கம், தாளம், பின்னர் வந்து சேர்ந்த ஆர்மோனியம் ஆகியவை முழங்குவதற்குக் களரி கட்டுதல் என்று பெயர். வேடதாரி தானே பாடித் தானே ஆடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்புகின்றனர். மத்தளக்காரர் அடவுக்கும் சுழற்சிக்கும் தக்கபடி சொற்கட்டுகளை வகுக்கிறார். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையினரும், காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே பெ. இராஜகோபாலும் இக்கலையை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றனர். ஆரணியும் காஞ்சிபுரமும் பட்டு நெசவால் மட்டுமே இணைந்தவை என்று எண்ணுவோர் இந்தக் கூத்துக் குழுக்களின் பயணப் பாதையையும் சேர்த்து நோக்க வேண்டும்.

இத்தகைய கலையை முதலில் கைப்பற்றிய ஊடகம் அச்சு. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய தமிழ்ப் பாடல்கள் கி. வா. ஜகந்நாதன் பதிப்பில் 1958இல் ‘மலையருவி’ என்ற பெயரில் வெளிவந்தன. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வந்தது. கூத்துப் பனுவல்களும் அம்மன் கதைகளும் பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் திருவிழாக் கடைகளில் விற்றன. தமிழ் நாட்டார் வழக்காற்றியல் இவற்றுக்குப் பெரிதும் கடன்பட்டுள்ளது. எனினும் இவை அனைத்தும் சொல்லை மட்டுமே பாதுகாத்தன. இரண்டு அடிகளுக்கு இடையே பம்பை நிரப்பிய நேரம் அச்சில் வெறும் வெள்ளைத் தாளாயிற்று. பாடலைப் பாடியவர் பெயரைக் குறிக்கும் வழக்கமே அக்காலத்தில் உறுதிப்படாதிருந்த நிலையில், அடித்தவரைக் குறிக்க வேண்டும் என்ற எண்ணம் பதிப்பாசிரியர்க்குத் தோன்றாததில் வியப்பில்லை.

இசைத்தட்டு ஒலியைப் பதிவு செய்தது என்பதால் அச்சின் குறையை அது தீர்த்திருக்கலாம். ஆனால் 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பெர்க் தொடங்கிவைத்த இந்தியப் பதிவுகள், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவில் மட்டுமே இடம் தந்தன. மின் ஒலிவாங்கி 1925 அளவில் வழக்குக்கு வரும் வரை, பாடுபவர் ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் பாட, அந்த அதிர்வே ஊசியை இயக்கி மெழுகில் கோடு கிழித்தது. உரத்த தோற்கருவி ஊசியைத் துள்ளச் செய்துவிடும் என்பதால் உலகெங்கும் முழவுக் கலைஞர்கள் குழலிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டனர். விடிய விடிய வளரும் வர்ணிப்பை மூன்று நிமிடத்தில் அடைப்பதும், ஊரைக் கூட்டும் பம்பையை அறைமூலைக்குத் தள்ளுவதும் அக்கலையையே இல்லாமற் செய்வதாகும். ஆகவே தமிழ் இசைத்தட்டு வணிகம் நாடக மேடைப் பாடகர்களையும் கருநாடக இசைவாணர்களையும் நாடிச் சென்றது. தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டில் பாடகரின் பெயர் மட்டும் பெரிதாக அச்சிடப்படும் பழக்கமும் அங்கிருந்தே வலுப்பெற்றது.

நாடாப் பதிவு கருவி வந்தபின் ஆய்வாளர்கள் நெடிய கதைப்பாடல்களை முழுமையாகப் பதிவு செய்ய முடிந்தது. பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பதிவு செய்தார். அதன் மூலமும் மொழிபெயர்ப்பும் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் 1992இல் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. உடுக்கடிப் பாட்டு எனப்படும் அந்த வடிவத்தில் தலைமைப் பாடகரே உடுக்கையையும் கையாள்கிறார்; அவருக்குத் துணையாக மற்றொருவர் அடியை வாங்கிப் பாடுகிறார். தெற்கே வில்லுப்பாட்டிலும் புலவருக்கு வலப்புறத்தாரும் இடப்புறத்தாரும் உண்டு. குடம் அடிப்பவரின்றி அந்த மேடையே இல்லை. வட்டாரந்தோறும் வேலைப் பங்கீடு மாறினாலும், பாடலையும் தாளத்தையும் வெவ்வேறு உற்பத்திப் பொருளாகக் கருதும் நோக்கு எங்கும் இருக்கவில்லை என்பதை இவற்றை ஒப்பிடுவோர் எளிதில் உணரலாம்.

பம்பையின் ஒலி பெருவாரியான தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது ஒலிநாடாவால்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு நாடாப்பெட்டி, 1980களில் இந்தியாவின் சிற்றூர்க் கடைகள் வரை பரவியது. பதிவுச் செலவும் படியெடுக்கும் செலவும் குறைந்ததால், பெரிய நிறுவனங்கள் தொடாத கூத்து, கதைப்பாட்டு, உள்ளூர்த் தெய்வப் பாடல்கள் ஆகியவை நாடாக்களாகத் திருவிழாக் கடைகளுக்கு வந்தன. திரைப்படப் பின்னணிப் பாடகி எல். ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாடல்கள் பம்பை, உடுக்கை ஒலிகளை முன்னிறுத்தி அமைந்தவை. ஆடி மாதம் முழுவதும் மைக்செட் வழியாக அவை ஒலிக்காத ஊர் வட தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். விழாவுக்கு நேரில் வரும் பம்பைக் குழுவினர்கூட, கேட்போர் விரும்புகிறார்கள் என்பதற்காக நாடாவில் பரவிய மெட்டுகளிலேயே வர்ணிப்பைத் தொடங்கும் நிலை உருவாயிற்று. ஊரிலிருந்து கூடத்துக்குச் சென்ற தாளம், அளவெடுத்துத் தைக்கப்பட்ட சட்டைபோல் ஐந்து நிமிடப் பாடலாகத் திரும்பி வந்தது. நாடா உறைகளில் பாடகரின் படமும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களும் இடம்பெற்றன. பம்பை அடித்தவர் பெரும்பாலும் ‘குழுவினர்’ என்ற பன்மைக்குள் மறைந்தார். அடுத்த பத்தாண்டுகளில் மின்னணுத் தாளக் கருவிகள் அவருடைய கூலியையும் பறித்தன.

இந்த மறைவுக்கு வணிகத்தை மட்டும் காரணமாக்குவது போதாது. தோலைத் தொடுவதும் தோற்கருவியை அடிப்பதும் தாழ்ந்த வேலை என்ற சாதி நோக்கு, பறை முதலான கருவிகளைச் சாவுக்கும் ஊர்ச் செய்திக்கும் உரிய கட்டாயப் பணியாக ஒடுக்கப்பட்டோர்மீது சுமத்தியிருந்தது. கட்டாயப் பணி செய்பவருக்குப் படைப்பாளி என்ற பெயரை யாரும் தருவதில்லை. கருநாடக இசை மேடையில் பெருமதிப்புப் பெற்ற மிருதங்கத்தின் கதையும் இதிலிருந்து முற்றிலும் வேறானதன்று என்பதை, மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்’ நூல் காட்டுகிறது. வாசித்தவர் பெயர் அங்கு நிலைத்தது. தோலை வாரால் இழுத்துக் கட்டியவர் பெயர் நிலைக்கவில்லை.

சட்டம் இந்த நோக்கை மேலும் கெட்டிப்படுத்தியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பை வரையறுத்தபோது, அச்சிட்டோ எழுதியோ குறியீடாக வரைந்தோ வைக்கப்பட்ட இசையை மட்டுமே அதற்குள் அடக்கியது. எழுதா மரபில் வாழும் பம்பையின் சொற்கட்டுக்கு அந்த வரையறையில் இடமே இல்லை. 1994இல் செய்யப்பட்ட திருத்தம் எழுத்து வடிவம் வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியதோடு, பாடகர், கருவியாளர் முதலானோர்க்கு நிகழ்த்துநர் உரிமை என்ற புதிய உரிமையையும் வழங்கியது. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் அவர்களுக்குப் பங்குத்தொகையும், நிகழ்த்தியவர் என்று பெயர் குறிக்கப்படும் உரிமையும் உண்டு என்று தெளிவாக்கியது. நாடாக்களின் பொற்காலம் ஏறக்குறைய முடிந்த பிறகே இந்தப் பாதுகாப்பு வந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. இதற்கிடையில் ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. ஒரு வட்டாரத்து மக்கள் கூடிச் செய்யும் கைத்திறனுக்குத் தனியொரு ஆசிரியர் இல்லாவிட்டாலும் பெயரும் காப்பும் தரமுடியும் என்பதை இந்தியச் சட்டம் சேலையின் பொருட்டு ஒப்புக்கொண்டது. அதே தெருக்களில் ஒலிக்கும் தாளத்தின் பொருட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

மாற்றம் மேடையிலிருந்து வந்தது. கே. ஏ. குணசேகரன் (1955–2016) ‘தன்னானே’ குழுவின் வழியே நாட்டுப்புறப் பாடலையும் பறையையும் அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார். விஜயலட்சுமியும் நவநீதகிருஷ்ணனும் ஆய்வாளர்களாகவும் பாடகர்களாகவும் கிராமியப் பாடல்களைப் பரப்பினர். பிற்காலத்தில், தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பாடகரும் பாடல் புனைபவருமான அந்தோணிதாசனும் தாளக் கலைஞர் தர்புகா சிவாவும் ‘லா பொங்கல்’ என்ற குழுவில் இணைந்தது, நகரச் சூழலில் பழைய இருவர் அமைப்பு மீண்டும் முளைத்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிவாவின் பெயரோடே ஒட்டிய தர்புகா மேற்காசிய அரபு நாடுகளில் வழங்கும் கோப்பை வடிவ முழவு. அதன் பெயராலேயே ஒரு தமிழ்க் கலைஞர் அறியப்பட்டதும், தாளக்காரர் குழுவின் முகமாக நின்றதும் ஒலிநாடாக் காலத்தில் நடந்திராதவை. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசை வழிநடத்தலில் உருவாகி 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, பறை, சட்டி, கட்டமோளம், தவில் ஆகியவற்றை கிடாருக்கும் மேலைநாட்டு டிரம்சுக்கும் சமமாக மேடையில் நிறுத்தியது. அக்குழுவில் பாடி எழுதிய அறிவு, பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்துக்காரர். அவர் ஒஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பில் சொல் ஒருவருடையது, கணினியில் கட்டிய தாளம் மற்றவருடையது. தோல் மறைந்திருந்தாலும் பங்கீட்டின் உருவம் பம்பைக் குழுவின் உருவத்துக்கு வெகு அருகில் உள்ளது.

பெயர் மறைப்பு அத்தோடு தீர்ந்துவிடவும் இல்லை. 2021இல் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை எழுதிப் பாடியவர்களுள் ஒருவரான அறிவே, அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் இடம்பெறாமற்போனது பெரும் விவாதமாயிற்று. பின்னர் அவ்விதழ் அவரைத் தாங்கிய மின்னணு அட்டையை வெளியிட்டது. அடிப்பவரை மறைத்துப் பழகிய முறை, வாய்ப்பு நேர்ந்தபோது எழுதியவரையும் விடவில்லை.

ஆரணி வட்டாரத்தில் இன்று பம்பைக் குழுக்களின் விழா நிகழ்ச்சிகளைக் கைபேசியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவோர் பலர். கால வரம்பில்லாத இந்த ஊடகம், முன்பு இசைத்தட்டால் இயலாததை, அதாவது ஓர் இரவின் வர்ணிப்பை முழுமையாகப் பாதுகாப்பதை, எளிதாக்கிவிட்டது. ஆயினும் பெரும்பாலான பதிவுகளின் தலைப்பில் அம்மனின் பெயரும் ஊரின் பெயரும் பாடகரின் பெயரும் இருக்க, பம்பைக்காரரின் பெயருக்குரிய இடம் காலியாகவே உள்ளது. சட்டப்படி அவர் நிகழ்த்துநர். மரபுப்படி அவர் பாட்டின் இணையாசிரியர். பதிவு செய்பவர்கள் அடித்தவர் யார், எவரிடம் கற்றார், எந்தக் கருவியை வைத்திருந்தார், எந்தச் சடங்கில் அடித்தார் என்ற நான்கு விவரங்களைப் பாடகர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்; உள்ளூர்க் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இப்பணியை மேற்கொள்ளப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. அடிப்பவரைப் பெயர் சுட்டி மதிக்கும் வழக்கம் தொடங்கியும் உள்ளது: 2025ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பட்டியலில் மிருதங்கக் கலைஞர் குருவாயூர் துரை, பறையிசைக் கலைஞர் வேலு ஆசான், புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தன் ஆகிய மூவரின் பெயர்களும் தமிழ்நாட்டின் கலைப் பிரிவில் ஒருங்கே இடம்பெற்றன.